திரையில் ஒன்று, தாளில் வேறொன்று!

மருந்துச் சீட்டு முதல் கல்யாணப் பத்திரிகை வரை எழுத்துகள் போடும் மாறுவேஷம்

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள்.

ஒரு தாயாருக்குத் தைராய்டு கோளாறு. டாக்டர் மாத்திரை எழுதுகிறார். தினமும் காலையில் வெறும் வயிற்றில் 100 மைக்ரோகிராம்.

ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் அதைச் சரியாகத்தான் அடிக்கிறார்கள். திரையிலும் சரியாகத்தான் தெரிகிறது. பக்கத்து அறையில் இருக்கும் பிரிண்டரில் இருந்து தாள் வெளியே வருகிறது. மகன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டு மருந்துக் கடைக்குப் போகிறான்.

தாளில் இருப்பது என்ன தெரியுமா?

100 மில்லிகிராம்!

இரண்டுக்கும் வித்தியாசம் கொஞ்சநஞ்சம் அல்ல. ஒரு மில்லிகிராமை ஆயிரம் கூறு போட்டால், அதில் ஒரு கூறுதான் மைக்ரோகிராம். ஆக, மருந்து ஆயிரம் மடங்கு ஏறிவிட்டது!

டாக்டர் தவறு செய்யவில்லை. கம்ப்யூட்டரில் அடித்தவரும் தவறு செய்யவில்லை. பிரிண்டரும் பழுது ஆகவில்லை. பிறகு தவறு செய்தது யார்?

ஒரு சின்னஞ்சிறு எழுத்து!

வால் முளைத்த எழுத்து

அந்த எழுத்தின் பெயர் "மியூ". கிரேக்க மொழி எழுத்து. ஆங்கிலச் சின்ன "யு"வுக்கு இடது பக்கம் ஒரு வால் முளைத்தது போல் இருக்கும்.

விஞ்ஞானிகள் "பத்து லட்சத்தில் ஒரு பங்கு" என்பதற்கு அடையாளமாக அதை வைத்திருக்கிறார்கள். மியூவுடன் "ஜி" சேர்ந்தால் மைக்ரோகிராம். ஆங்கில "எம்"முடன் "ஜி" சேர்ந்தால் மில்லிகிராம்.

கம்ப்யூட்டரில் மியூவாக இருந்தது, பிரிண்டரில் எம் ஆகிவிட்டால் போதும். ஆயிரம் மடங்கு ஏறிவிடும்.

ஆங்கிலத்தில் 26 எழுத்துகள் இருக்கின்றன. மியூ ஏன் சரியாக எம் ஆக மாறவேண்டும்? ஏதாவது ஒரு கிறுக்கலாக மாறியிருந்தால், பார்த்தவுடன் தவறு தெரிந்துவிடுமே! அங்கேதான் இருக்கிறது மர்மம். அதை அறிய, கொஞ்சம் பின்னோக்கிப் போகவேண்டும்.

எழுத்து தெரியாத எந்திரம்

கம்ப்யூட்டருக்கு எழுத்தே தெரியாது. "அ"வும் தெரியாது, "ஏ"யும் தெரியாது. அதற்குத் தெரிந்தது எண் மட்டுமே.

ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். ஆங்கிலப் பெரிய "ஏ"வுக்கு 65. "பி"க்கு 66. நீங்கள் "ஏ" பொத்தானை அழுத்தினால், கம்ப்யூட்டர் தன் நினைவில் 65 என்று எழுதிக் கொள்ளும். பிரிண்டருக்கும் 65 என்றே சொல்லி அனுப்பும். பிரிண்டர் தன்னிடம் உள்ள பட்டியலைப் பார்க்கும். "65-ஆ? அது ஏ அல்லவா!" என்று தாளில் அடித்துவிடும்.

இருவரிடமும் ஒரே பட்டியல் இருக்கும் வரை தொல்லை இல்லை. பட்டியல் மாறினால்?

சென்னையில் பல தெருக்களில் வீட்டுக்கு வீடு இரண்டு எண்கள் உண்டு. ஒன்று பழைய எண், மற்றொன்று புதிய எண். கடிதத்தில் வெறுமனே "12" என்று போட்டிருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? பழைய 12-ஆ, புதிய 12-ஆ? தவறிப் போனால் கடிதம் வேறு வீட்டுக்குப் போய்ச் சேரும். அந்த வீட்டில் வேறு யாரோ குடியிருப்பார்கள்.

கம்ப்யூட்டருக்கும் பிரிண்டருக்கும் நடுவே நடப்பதும் இதேதான்!

128 வீடுகள் கொண்ட தெரு

1963-ஆம் ஆண்டில் அமெரிக்கர்கள் ஒரு பொதுப் பட்டியல் போட்டார்கள். அதற்கு "ஆஸ்கி" என்று பெயர். அதில் மொத்தம் 128 இடங்கள். அவற்றில் 33 இடங்கள் "அடுத்த வரிக்குப் போ", "மணி அடி" என்பது போன்ற கட்டளைகளுக்குப் போய்விட்டன. 95 இடங்கள்தான் மிச்சம். சொல்லுக்குச் சொல் விடும் இடைவெளிக்கும் அதில் ஓர் இடம் போனது.

அந்த 95-க்குள் ஆங்கில எழுத்துகள் அடங்கின. எண்கள் அடங்கின. முற்றுப்புள்ளி, கேள்விக்குறி, டாலர் அடையாளம் எல்லாம் அடங்கின.

ஆனால் பிரிட்டிஷ்காரரின் பவுண்டு அடையாளத்துக்கு இடம் இல்லை. ஜெர்மன்காரர்கள் எழுத்தின் தலைமேல் இரண்டு புள்ளி வைப்பார்கள். அதற்கும் இடம் இல்லை. மியூவுக்கும் இல்லை. தமிழுக்குச் சொல்லவே வேண்டாம்!

மற்ற நாட்டார் சும்மா இருப்பார்களா? ஏற்கெனவே குடியிருந்தவர்களைக் காலி செய்துவிட்டுத் தங்கள் எழுத்துகளைக் குடிவைத்தார்கள்.

35-ஆம் எண்ணில் அமெரிக்கர்களின் "ஹாஷ்" அடையாளம் இருந்தது. குறுக்கே இரண்டு கோடு, நெடுக்கே இரண்டு கோடு போட்டது அது. பிரிட்டிஷ்காரர்கள் அதைக் கிளப்பிவிட்டு அங்கே பவுண்டு அடையாளத்தை வைத்தார்கள். ஜெர்மன்காரர்கள் அடைப்புக்குறிகளைக் காலி செய்தார்கள். ஜப்பானியர் பின்பக்கம் சாய்ந்த கோட்டின் இடத்தில் தங்கள் "யென்" நாணய அடையாளத்தை அமர்த்தினார்கள்.

விளைவு என்ன? லண்டன் வியாபாரி ஒருவர் 500 பவுண்டுக்குப் பில் போடுகிறார். அவர் வாங்கியிருப்பது அமெரிக்க முறைப்படி அமைந்த பிரிண்டர். கம்ப்யூட்டர் 35 என்று சொல்லும். பிரிண்டர் ஹாஷ் அடிக்கும். அமெரிக்காவில் எண்ணுக்கு முன்னால் ஹாஷ் போட்டால் "இத்தனையாவது எண்" என்று பொருள். 500 பவுண்டு பில், 500-ஆம் எண் பில் ஆகிவிட்டது!

பேனா முனையால் ஒரு வைத்தியம்

பிரிண்டர் செய்தவர்களுக்கும் இந்தத் தொல்லை தெரியும். அவர்கள் ஒரு வைத்தியம் செய்தார்கள்.

பிரிண்டருக்குள்ளே வரிசையாகக் குட்டிக் குட்டிச் சுவிட்சுகள் வைத்தார்கள். ஒவ்வொன்றும் அரிசி மணி அளவுதான் இருக்கும். விரலால் தள்ள முடியாது. பேனா முனையால்தான் தள்ளவேண்டும். மேலே தள்ளினால் ஒரு நாடு. கீழே தள்ளினால் வேறொரு நாடு!

1983-இல் வந்த "எப்சன் எஃப்.எக்ஸ். 80" என்ற பிரிண்டர் அந்தக் காலத்தில் பல ஆபீசுகளில் கரகரவென்று ஓடியது. அதன் தலையில் ஒன்பது ஊசிகள். ஊசிகள் ரிப்பனைக் குத்திக் குத்திப் புள்ளி வைக்கும். புள்ளிகள் சேர்ந்து எழுத்தாகும். நம் வீட்டுப் பெண்கள் புள்ளி வைத்துக் கோலம் போடுவது போலத்தான்!

அந்தப் பிரிண்டருக்கு ஒன்பது நாட்டுப் பட்டியல்கள் தெரியும். சுவிட்சைத் தொடாமலும் நாட்டை மாற்றலாம். 27, 82, 3 என்று மூன்று எண்களை அனுப்பினால் இங்கிலாந்துப் பட்டியலுக்குத் தாவிவிடும். பிறகு 35 என்றால் பவுண்டு அடிக்கும்.

ஆனால் அந்த மந்திரம் அந்த வகைப் பிரிண்டருக்கு மட்டும்தான் பலிக்கும். வேறு கம்பெனிப் பிரிண்டரை மாட்டினால், மந்திரமும் வேறு!

ஒரு பவுண்டு, மூன்று எண்கள்

1981-இல் ஐ.பி.எம். கம்பெனியின் சொந்த உபயோகக் கம்ப்யூட்டர் வந்தது. அதில் 128 இடம் 256 ஆகப் பெருகியது. "அப்பாடா! இனிமேல் எல்லோருக்கும் இடம் உண்டு" என்று நிம்மதி அடைந்திருக்கலாம். ஆனால் தொல்லை கூடத்தான் செய்தது.

ஏன்? புதிதாகக் கிடைத்த 128 இடங்களில் யாரைக் குடிவைப்பது என்று ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியே முடிவு செய்தது.

ஐ.பி.எம். பட்டியலில் பவுண்டு அடையாளத்தின் எண் 156. 1984-இல் ஹெவ்லெட் பேக்கார்டு கம்பெனி லேசர் பிரிண்டர் கொண்டு வந்தது. அதன் பட்டியலில் பவுண்டின் எண் 187. பிறகு வந்த விண்டோசில் 163.

விண்டோசில் அடித்த பவுண்டை, ஐ.பி.எம். பட்டியலை வைத்திருக்கும் பிரிண்டருக்கு அனுப்பினால், பவுண்டு வராது. தலைமேல் கோடு போட்ட ஒரு "யு" வரும்!

இதனால் ஆபீசுகளில் பாடுபட்டவர்கள் டைப் அடிக்கும் ஊழியர்கள். திரையில் இருந்தது தாளில் வரவில்லை. "சரியாக அடிக்கத் தெரியாதா?" என்று அவர்கள்தான் ஏச்சு வாங்கினார்கள்.

யூட்டாவில் பிறந்த யோசனை

இந்தத் தலைவலிக்கு நல்ல மருந்து ஒன்று அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் இருந்து வந்தது.

ஆலன் ஆஷ்டன் என்பவர் அங்கே கல்லூரிப் பேராசிரியர். புரூஸ் பாஸ்டியன் அவருடைய மாணவர். குருவும் சீடனும் சேர்ந்து 1979-இல் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். கம்ப்யூட்டரில் கடிதமும் கட்டுரையும் எழுத உதவும் புரோகிராம் ஒன்றைச் செய்தார்கள். அதுதான் "வேர்டு பெர்ஃபெக்ட்". 1980-களில் உலகெங்கும் வக்கீல் ஆபீசுகளிலும் கல்லூரிகளிலும் அது கொடிகட்டிப் பறந்தது.

1989-இல் வந்த அதன் 5.1 பதிப்பில் ஒரு நல்ல வசதி இருந்தது. பிரிண்டரின் பட்டியலை அது நம்பவில்லை. தனக்கென்று ஒரு பெரிய பட்டியல் வைத்துக் கொண்டது. அதில் ஆயிரத்துக்கு மேற்பட்ட எழுத்துகள். கிரேக்க எழுத்து, ரஷ்ய எழுத்து, கணக்கு அடையாளம், நாணய அடையாளம் எல்லாம் உண்டு. அவற்றைச் சாதி சாதியாகப் பிரித்து, "இந்த வரிசையில் இத்தனையாவது" என்று இரட்டை எண் கொடுத்தார்கள்.

ஒவ்வொரு வகைப் பிரிண்டருக்கும் ஒரு குறிப்பேடும் கூடவே வந்தது. "இந்தப் பிரிண்டரில் பவுண்டுக்கு எண் என்ன? அந்தப் பிரிண்டரில் என்ன?" என்று அதில் எழுதியிருக்கும்.

வேலை நடந்த விதம் இது. பிரிண்டரிடம் அந்த எழுத்து இருக்கிறதா? இருந்தால் அதற்குப் புரியும் எண்ணைச் சொல்லி அடிக்கச் சொல்லும். இல்லையா? ஓர் எழுத்தின் மேல் இன்னொன்றை அடித்து உண்டாக்க முடியுமா என்று பார்க்கும். "ஈ" என்ற ஆங்கில எழுத்தை அடித்து, பின்னால் நகர்ந்து, அதன் தலைமேல் ஒரு கோடு அடித்தால் பிரெஞ்சு எழுத்து ஆகிவிடும் அல்லவா?

அதுவும் முடியாதா? கவலை இல்லை. அந்த எழுத்தைப் படமாக வரைந்து அனுப்பிவிடும்! பிரிண்டருக்கு அது எழுத்து என்றே தெரியாது. புள்ளி வைக்கச் சொன்னால் வைக்கும்.

படம் வரைய நேரம் பிடிக்கும். பிரிண்டர் முக்கி முனகும். ஆனால் தாளில் வருவது சரியாக வரும். வாங்கிய பிரிண்டரால் எதெல்லாம் முடியும் என்று பார்க்க, எல்லா எழுத்துகளும் அடங்கிய சோதனைத் தாள் ஒன்றையும் புரோகிராமோடு கொடுத்தார்கள். முதலில் அதை அச்சடித்துப் பார்; எது வருகிறது, எது வரவில்லை என்று தெரிந்துகொள்; பிறகு வேலையைத் தொடங்கு!

இந்தப் புத்தி இன்றைக்கும் உதவும்.

மர்மம் துலங்குகிறது

இனி, மியூவின் கதைக்கு வருவோம்.

1982-இல் ஜான் வார்னாக், சார்லஸ் கெஷ்கி என்ற இருவர் "அடோபி" கம்பெனியைத் தொடங்கினார்கள். எழுத்தின் வடிவத்தையே பிரிண்டருக்கு விவரித்துச் சொல்லும் ஒரு பாஷையை அவர்கள் உண்டாக்கினார்கள். "இங்கே தொடங்கு, இப்படி வளை, அங்கே முடி" என்று சொல்லும் பாஷை அது. அதற்குப் பெயர் "போஸ்ட்ஸ்கிரிப்ட்".

1985-இல் ஆப்பிள் கம்பெனி அந்தப் பாஷை தெரிந்த லேசர் பிரிண்டரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதற்குள் 13 எழுத்துருக்கள் இருந்தன. எழுத்துரு என்றால், ஒரே மாதிரி வடிவமைந்த எழுத்துகளின் தொகுதி. அவற்றில் ஒன்றின் பெயர் "சிம்பல்". கிரேக்க எழுத்துகளும் கணக்குக் குறிகளும் அதில்தான் இருந்தன.

கிரேக்க எழுத்துகளுக்குத் தனி எண் வேண்டுமே! எங்கே போவது? ஆங்கில எழுத்துகளின் வீட்டிலேயே அவற்றையும் குடிவைத்தார்கள். "ஏ"யின் வீட்டில் கிரேக்க "ஆல்பா". "பி"யின் வீட்டில் "பீட்டா".

"எம்"மின் வீட்டில்? "மியூ"!

மர்மம் துலங்கிவிட்டது, பார்த்தீர்களா? எம்முக்கும் 109-ஆம் எண்தான். சிம்பலில் மியூவுக்கும் 109-ஆம் எண்தான். கம்ப்யூட்டர் தன் நினைவில் வைத்திருப்பது எம்மை. சிம்பல் என்ற சட்டையைப் போட்டதால் அது மியூவாகக் காட்சி தருகிறது. அவ்வளவுதான்!

அந்தச் சட்டை இல்லாத கம்ப்யூட்டருக்கோ பிரிண்டருக்கோ போனால் என்ன ஆகும்? அல்லது, அழகாக இருக்கட்டும் என்று யாராவது தாள் முழுவதற்கும் வேறு எழுத்துருவை மாற்றிவிட்டால் என்ன ஆகும்? சட்டை கழன்றுவிடும். உள்ளே இருந்த எம் வெளியே வந்து நிற்கும். மைக்ரோகிராம் மில்லிகிராம் ஆகிவிடும்!

மின்சார வேலையிலும் இந்த ஆபத்து உண்டு. மின் தடையை அளக்கும் "ஓம்" அடையாளம் சிம்பலில் பெரிய "டபிள்யூ"வின் வீட்டில் இருக்கிறது. சட்டை கழன்றால் 10 ஓம் என்பது 10 டபிள்யூ ஆகும். டபிள்யூ என்றால் வாட்! தடை என்று எழுதியது, சக்தி என்று ஆகிவிடும்.

"அம்மா"வும் அதே எம்மும்

"இதெல்லாம் டாக்டர், எஞ்சினீயர் சமாசாரம். நமக்கு என்ன?" என்று நினைக்கிறீர்களா? நம் தமிழே இதே வீட்டில் பல காலம் ஒட்டுக்குடித்தனம் இருந்தது!

1990-களில் தமிழுக்கு வந்த எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளை வைத்தவைதான். அவற்றில் "பாமினி" என்பது மிகவும் பிரபலம். தமிழ் டைப்ரைட்டர் பழகியவர்களுக்கு அது வசதியாக இருந்தது.

பாமினியில் "அ" என்ற எழுத்து எந்த வீட்டில் இருக்கிறது தெரியுமா? அதே எம்மின் வீட்டில்தான்! "ம" இருப்பது "கே"யின் வீட்டில். மேலே வைக்கும் புள்ளி, அரைப்புள்ளியின் வீட்டில். கால் என்கிற துணையெழுத்து, "எச்"சின் வீட்டில்.

ஆகவே பாமினியில் "அம்மா" என்று அடித்த கடிதத்தை, பாமினி இல்லாத இடத்தில் திறந்தால் "எம், கே, அரைப்புள்ளி, கே, எச்" என்று ஐந்து ஆங்கிலக் கிறுக்கல்கள்தான் தெரியும். அம்மாவைக் காணோம்!

வீட்டில் தமிழில் அடித்துக் கொண்டு, அச்சகத்துக்கு எடுத்துப் போவார்கள். அங்கே வேறு எழுத்துரு இருக்கும். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் கிறுக்கலாக நிற்கும். உட்கார்ந்து மறுபடியும் முழுவதையும் அடிக்க வேண்டியதுதான்.

தமிழ் எழுத்துருக்களுக்குள்ளும் ஒற்றுமை இல்லை. ஓர் எழுத்துருவில் "அ" இருந்த இடத்தில் இன்னொன்றில் வேறோர் எழுத்து இருந்தது. இதைச் சீர்செய்ய 1999 பிப்ரவரியில் சென்னையில் "தமிழ் இணையம் 99" மாநாடு கூடியது. பொதுப் பட்டியல்களும், ஒரே விதமான பொத்தான் அமைப்பும் வகுக்கப்பட்டன. பிறகு 2010-இல் தமிழ்நாடு அரசாங்கம் "யூனிகோடு" முறையை ஏற்று ஆணை பிறப்பித்தது. எழுத்து முழுவதற்கும் தனி எண் தரும் 16 பிட்டுத் தமிழ் முறை ஒன்றும் அத்துடன் அங்கீகாரம் பெற்றது.

ரூபாய்க்கும் அதே கதி

2010 ஜூலை 15-இல் இந்திய ரூபாய்க்குப் புதிய அடையாளம் அறிவிக்கப்பட்டது. அதை வரைந்தவர் கள்ளக்குறிச்சியில் பிறந்த உதயகுமார் என்ற தமிழர்.

அடையாளம் பிறந்துவிட்டது. ஆனால் அப்போது எந்தக் கம்ப்யூட்டரிலும் அதற்கு வீடு இல்லை. அவசரத்துக்கு ஓர் எழுத்துரு வந்தது. பொத்தான் பலகையில் இடது மூலையில் சாய்வாக ஒரு சிறு கோடு இருக்கும். யாரும் அதிகம் தொடாத பொத்தான். அந்தக் கோட்டின் வீட்டில் ரூபாயைக் குடிவைத்தார்கள்.

பிறகு நடந்ததை நீங்களே சொல்லிவிடுவீர்கள். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் ரூபாய் மறைந்து, சாய்ந்த கோடு மட்டும் எஞ்சியது!

சில மாதங்களில் ரூபாய்க்குச் சொந்த வீடு கிடைத்தது. அதன் எண் 8377. கொடுத்தது யூனிகோடு.

உலகத்துக்கு ஒரே பட்டியல்

யூனிகோடு என்றால் என்ன? உலகத்தில் உள்ள எல்லா எழுத்துகளுக்கும் ஒரே பட்டியல். ஓர் எழுத்துக்குக் கொடுத்த எண்ணை இன்னோர் எழுத்துக்குக் கொடுப்பது இல்லை. யாரையும் காலி செய்ய வேண்டியது இல்லை.

1991-இல் அதன் முதல் பதிப்பு வெளிவந்தது. அதிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. 2944 முதல் 3071 வரை உள்ள தெரு தமிழ்த் தெரு. அங்கே "அ"வின் வீட்டு எண் 2949. "க"வின் எண் 2965. கிரேக்க மியூவுக்கு 956 என்று சொந்த வீடு. எம் தன் பழைய 109-இல் நிம்மதியாக இருக்கிறது. இப்போது அந்தப் பட்டியலில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட எழுத்துகள் இருக்கின்றன.

அப்படியானால் தொல்லை தீர்ந்ததா? முக்கால்வாசி தீர்ந்தது. கால்வாசி மிச்சம் இருக்கிறது.

எண் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. அந்த எழுத்தின் உருவம் அந்த இடத்தில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் தாளில் வெறும் கட்டம் வரும். "யாரோ ஒருவர் இருக்கிறார், முகம் தெரியவில்லை" என்று அதற்குப் பொருள்.

தமிழுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. "கெ" என்று எழுதும்போது நாம் கொம்பை முன்னால் போடுகிறோம். ஆனால் யூனிகோடு முறையில் கம்ப்யூட்டர் "க"வை முதலில் வைத்து, கொம்பைப் பின்னால் வைத்துக் கொள்ளும். காட்டும்போதும் அச்சடிக்கும்போதும் இடத்தை மாற்றிக் காட்டவேண்டும். அந்த வித்தை தெரியாத பழைய புரோகிராமாக இருந்தால், கொம்பு வால்போலப் பின்னால் ஒட்டிக்கொள்ளும்!

கட்டுச்சோறு

வெளியூர் போகிறோம். அங்கே சாப்பாடு எப்படி இருக்குமோ தெரியாது. நம் பெரியவர்கள் என்ன செய்தார்கள்? புளிச்சோறு கட்டி எடுத்துப் போனார்கள். போன இடத்தில் ஓட்டல் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

அதே யுக்திதான் "பி.டி.எஃப்." என்பது. 1993-இல் அடோபி கம்பெனி இதைக் கொண்டு வந்தது. 2008-இல் இது உலகப் பொதுத் தரமாக ஆயிற்று.

சாதாரணக் கடிதத்தை அனுப்பினால் எண்கள் மட்டும் போகும். உருவத்தைப் போன இடத்தில் தேடவேண்டும். பி.டி.எஃப். ஆக மாற்றும்போது, எழுத்துருவையும் உள்ளே பொதிந்து அனுப்பலாம். எண்ணும் போகும், உருவமும் கூடவே போகும். போன இடத்தில் தமிழ் எழுத்துரு இருக்கிறதா என்ற கவலை வேண்டாம்.

பல ஆண்டு காக்கவேண்டிய ஆவணங்களுக்காக 2005-இல் "பி.டி.எஃப். ஏ" என்று ஒரு தனி வகை வகுத்தார்கள். அதில் எழுத்துருவை உள்ளே பொதிந்தே ஆகவேண்டும் என்பது விதி. இருபது வருஷம் கழித்துப் பத்திரத்தைத் திறந்தாலும் பெயர் பெயராகவே இருக்கவேண்டும் அல்லவா?

நீங்கள் செய்யவேண்டியது

ஒன்று: தமிழை யூனிகோடு முறையிலேயே அடியுங்கள். பழைய எழுத்துருவில் அடித்த குடும்பக் கடிதம், கதை, கணக்கு ஏதாவது இருந்தால், அந்த எழுத்துரு கைவசம் இருக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள்.

இரண்டு: மியூ, ஓம், ரூபாய் போன்ற அடையாளங்களுக்குச் சிம்பல் எழுத்துருவை நம்பவேண்டாம். "குறியீடு செருகு" என்ற வசதியில், சாதாரண எழுத்துருவில் இருப்பதையே எடுத்துப் போடுங்கள்.

மூன்று: அச்சகத்துக்கோ வேறு ஊருக்கோ அனுப்புவதை எழுத்துரு பொதிந்த பி.டி.எஃப். ஆக அனுப்புங்கள்.

நான்கு: அப்படியும் பிரிண்டர் தகராறு செய்தால், பி.டி.எஃப். படிக்கும் புரோகிராம்கள் சிலவற்றில் "படமாக அச்சிடு" என்று ஒரு வசதி இருக்கும். அதை உபயோகியுங்கள். வேர்டு பெர்ஃபெக்ட் செய்த அதே பழைய யுக்திதான். கொஞ்சம் நேரம் ஆகும், எழுத்து மாறாது.

ஐந்து: நூறு பிரதி அடிக்கும் முன் ஒரே ஒரு பிரதி அடித்துப் பாருங்கள். திரையைப் பார்க்காதீர்கள். தாளைப் பாருங்கள்! பெயர், தேதி, தொகை, அளவு, அடையாளம் ஆகியவற்றை விரல் வைத்துப் படியுங்கள்.

தாயாரின் மாத்திரை

முதலில் பார்த்த தாயாருக்குத் திரும்புவோம்.

தைராய்டு மாத்திரை மைக்ரோகிராம் கணக்கில்தான் தயாராகிறது. ஆகவே விவரம் தெரிந்த மருந்துக் கடைக்காரர், "100 மில்லிகிராமா? இருக்காதே!" என்று விழித்துக் கொள்வார். தாயார் தப்பித்தார். ஆனால் எல்லா மருந்துகளும் இப்படித் தாமாகவே காட்டிக் கொடுப்பது இல்லை.

கையால் எழுதினாலும் அவசரத்தில் மியூ எம் போலத் தெரிவது உண்டு. அதனால்தான் பிரிட்டிஷ் டாக்டர்கள் கையில் வைத்திருக்கும் தேசிய மருந்துக் கையேடு, "மைக்ரோகிராம் என்பதைச் சுருக்கவே கூடாது, முழுச் சொல்லாக எழுதவேண்டும்" என்று சொல்கிறது. அமெரிக்காவில் மருந்துப் பிழைகளைத் தடுக்கப் பாடுபடும் ஓர் அமைப்பும் மியூவைத் தவிர்க்கச் சொல்கிறது. அதற்குப் பதிலாக "எம், சி, ஜி" என்று மூன்று எழுத்துகளைப் போடச் சொல்கிறது. அந்த மூன்றும் ஆஸ்கித் தெருவிலேயே குடியிருப்பவை. எந்தப் பிரிண்டருக்கும் தெரிந்த முகங்கள்!

மருந்துச் சீட்டைக் கையில் வாங்கியதும், "அளவு எவ்வளவு? மில்லியா, மைக்ரோவா?" என்று ஒரு வார்த்தை டாக்டரைக் கேளுங்கள். போனமாதச் சீட்டும் இந்தமாதச் சீட்டும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒத்துப் பாருங்கள். மாறியிருந்தால், மாத்திரையை வாயில் போடும் முன் கேளுங்கள்.

அறுபது ஆண்டுகளாக எத்தனையோ அறிவாளிகள் இந்த எழுத்துச் சண்டையைத் தீர்க்கப் பாடுபட்டு விட்டார்கள். பெரும்பாலும் தீர்த்தும் விட்டார்கள். ஆனாலும் எந்திரம் எண்ணைத்தான் படிக்கிறது. பொருள் அதற்குத் தெரியாது.

பொருள் தெரிந்தவர்கள் நாம்தான். ஆகவே தாளை ஒரு முறை படித்துப் பார்ப்பதும் நம் வேலைதான்!